ஜில்லா சங்கத்தின் ஒரே நோயாளி

தோல் விலை அடிமாட்டு விலைக்கு விழுந்த வருஷம் ஆம்பூரில் பல தோல் ஷாப்புகள் மூடிக் கிடந்தன. அவற்றில் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காசிநாதன், வேலூர் லாங் பஜாரில் வெல்ல மண்டிக்கு மேல் மாடியில் இருந்த வட ஆற்காடு ஜில்லா புற்றுநோய் நிவாரண ஆராய்ச்சிச் சங்கத்துக்கு வசூல் குமாஸ்தா வேலை கேட்டுப் போனான்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் ராவ் சாகிப் அருணகிரி. ராவ் சாகிப் பட்டம் வாங்கிச் சில காலம் ஆகிவிட்டதால் ராவ் பகதூர் பட்டத்துக்குக் காத்திருந்தவர். அவருக்கு வலப்புறம் காரியதரிசி வக்கீல் சாமுவேல். இடப்புறம் பொக்கிஷதார் நயீம் அகமது, தோல் ஏற்றுமதி வியாபாரி.

"உனக்குப் புற்றுநோய் உண்டா?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"இல்லீங்க."

"குடும்பத்தில்?"

காசிநாதன் தயங்கினான். அவனுக்குக் குடும்பம் என்று இருந்தது அக்கா எல்லம்மாள் ஒருத்திதான். தோல் ஷாப்பில் பதனிடுவதற்கு ஆவாரம் பட்டை இடிக்கிற வேலை செய்துகொண்டிருந்தவள். அவள் கன்னத்தின் உள்பக்கம் பொங்கலுக்கு வந்த ஒரு புண் சித்திரை பிறந்தும் ஆறவில்லை. ஆம்பூர் டாக்டர் கரண்டியால் நாக்கை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, "புத்தா இருக்கலாம். பட்டணத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டு" என்று சொல்லியிருந்தார். பட்டணத்தில் யாரைக் காட்டுவது, எவ்வளவு ஆகும் என்று காசிநாதனுக்குத் தெரியாது. அந்த வியாதிக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் அவன் மனுவே போட்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரக்கப்படுகிறார்கள் என்று அவன் நினைத்தான்.

"ரொம்ப நல்லது. அப்படியானால் இந்த நோயைப் பற்றி நீ உருக்கமாகப் பேசுவாய்" என்றார் சாமுவேல்.

"அக்காவுக்கு ஏதாவது வைத்தியம்..."

"அதற்கு வழியில்லை" என்றார் தலைவர், கையை உயர்த்தி. "ஊழியரின் உறவினருக்குச் சங்கம் உதவி செய்யக்கூடாது என்று விதியே இருக்கிறது. அருணகிரி தன் ஆட்களுக்குச் செய்துகொண்டான் என்று நாளை ஒருவன் விரல் நீட்டக்கூடாது, பார்."

"அப்ப யாருக்குங்க உதவி கெடைக்கும்?"

"அதை உபகமிட்டி ஆலோசித்து வருகிறது."

காசிநாதனுக்கு வேலை கிடைத்தது.

காக்கி உடுப்பும், பூட்டி அரக்கு முத்திரை வைத்த தகர உண்டியலும், மார்பில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லையும் கொடுத்தார்கள். வில்லையில் ஒரு நண்டு இருந்தது. சீமையில் இந்த நோய்க்கு நண்டுதான் அடையாளம் என்று சாமுவேல் விளக்கினார். அந்த விளக்கம் லாங் பஜாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. முதல் நாளே அரிசி மண்டிக்காரர் ஒருவர் வில்லையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இன்னாப்பா, பாலாத்து நண்டா? காஞ்ச ஆத்துல நண்டு ஏது?" என்று கேட்டார். சங்கத்தைப் பற்றிக் காசிநாதன் சொன்னதும், "வியாதிக்குப் போய் யாராவது சங்கம் வெப்பானா? வியாதி ஜாஸ்தியாவறதுக்கா?" என்று சொல்லிவிட்டு ஓரணாவைப் போட்டார். அநேகமாக எல்லோரும் அப்படித்தான், திட்டிக்கொண்டே போட்டார்கள். வீட்டுக்கு ஒரு புண்ணாவது, அக்கம்பக்கத்தில் ஒரு சாவாவது அவர்கள் பார்த்திருந்தார்கள். காக்கி உடுப்பைப் பார்த்து வரவில்லை அந்தக் காசு.

வசூல் ஆன பணம் வீணாகவில்லை. முதலில் ஆராய்ச்சி நடந்தது. குளிர்ப் பிரதேசத்தில் இந்த நோய் வருமா வராதா என்று கண்டறிய உபகமிட்டி கோடைகாலம் முழுவதும் கொடைக்கானலில் தங்கியது. திரும்பி வந்ததும் தலைவர் தம் முடிவைப் பொதுக்கூட்டத்தில் வெளியிட்டார். "அங்கே தங்கியிருந்த காலம் வரையில் எங்களில் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. மேலும் ஊர்ஜிதப்படுத்திக்கொள்ள அடுத்த கோடையிலும் போக வேண்டியிருக்கிறது."

பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. ரேடியம் என்ற வஸ்துதான் இந்த நோய்க்கு மருந்து என்று பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. ரேடியத்தை ஈயப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று சாமுவேல் எங்கோ படித்திருந்தார். ஆகவே முதலில் பெட்டியை வரவழைத்தார்கள். வெளியே தேக்கு, உள்ளே ஈயம், மூடியில் வெள்ளிப் பூண், அதன் மேல் தலைவர் பெயர். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து பாண்டு வாத்தியத்துடன் கோச்சு வண்டியில் ஊர்வலம் கிளம்பிற்று. காசிநாதன் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வேலூர் சைதாப்பேட்டைப் பக்கம் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். லாங் பஜாரில் ஒருத்தி கழுத்துக் கட்டியோடு இருந்த தன் குழந்தையைப் பெட்டி மேல் சாய்த்து எடுத்துக்கொண்டு போனாள். ரேடியம் ஒளி வீசுகிறது, கண் கூசுகிறது என்று கோட்டை மைதானம் வரையில் ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை கமிட்டியில் நயீம் அகமது ஒரு கேள்வி கேட்டார். "பெட்டியைத் திறந்து பார்த்தேன். காலியா இருக்கே, ராவ் சாகிப்?"

"பெட்டி வந்துவிட்டது. ரேடியம் வர வேண்டும்" என்றார் தலைவர். "வீடு கட்டாமல் பெண்ணை அழைத்து வர முடியுமா? இருந்தாலும் உங்கள் கேள்வி நியாயமானது. அதை விசாரிக்க ஓர் உபகமிட்டி போடலாம். அதற்கு நீங்களே தலைவர்."

நயீம் அகமது நல்ல மனிதர். ஆனால் கேள்வி கேட்டால் உபகமிட்டி கிடைக்கும் என்று அன்று தெரிந்துகொண்டார். அவருக்கு வியாபாரம் இருந்தது. அதன் பிறகு நெடுநாள் வரையில் அவர் கேள்வி கேட்கவில்லை.

இதற்குள் எல்லம்மாளின் புண் கன்னத்துக்கு வெளியே வந்துவிட்டது. அவள் வேலைக்குப் போவதை நிறுத்தி, முகத்தில் துணி சுற்றிக்கொண்டு வீட்டில் இருந்தாள். சோறு இறங்கவில்லை. கஞ்சியை ஒரு பக்கமாகச் சாய்ந்து குடித்தாள். பேச்சு குழறியது. தம்பிக்கு மட்டும் புரிந்தது.

"ஒன் பொட்டி இன்னாடா ஆச்சு?" என்று தினம் கேட்பாள்.

"வருதுக்கா. ரேடியம் கப்பல்ல வருதாம்."

"அது வர்றதுக்குள்ள நான் போய்ட்டா, பொட்டியில என்னையே வெச்சிடுங்க. ஈயம், நல்லா தாங்கும்."

அவளுக்கு எப்போதுமே வாய் அப்படி. வலி அதிகமாக ஆக, வாய் இன்னும் கூர்மையாயிற்று.

காசிநாதன் தலைவர் வீட்டுக்குப் போனான். பட்டணத்தில் காட்டச் சொல்லி டாக்டர் சொன்னார், லீவும் கொஞ்சம் முன்பணமும் வேண்டும், ஒரு சிபாரிசுக் கடிதமும் கொடுத்தால் நல்லது என்று கெஞ்சினான். தலைவர் அவனை உட்காரச் சொன்னார். அவர் ஊழியரை உட்காரச் சொல்வது அபூர்வம். பெரிய பேச்சு வருகிறது என்று அர்த்தம்.

"காசிநாதா, கொஞ்சம் யோசித்துப் பார். வட ஆற்காட்டு நோயாளி சென்னைக்குப் போய்க் குணமானால் பெயர் யாருக்கு? சென்னைக்கு. நம் ஜில்லாவில் ஒரு சங்கம் இருந்து என்ன கிழித்தது என்று நாளை கவர்னரே கேட்பார். நம் ஜில்லாவின் நோயாளி நம் ஜில்லாவிலேயே குணமாக வேண்டும். அதுவரையில் பொறுக்க வேண்டும். நான் பொறுக்கவில்லையா? எத்தனை வருஷமாக ராவ் சாகிப்பாகவே இருக்கிறேன்!"

காசிநாதன் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தான். பெரிய மனிதர்கள் இவ்வளவு தூரம் கவலைப்படும்போது அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தான். அவன் அப்படி நினைக்கக்கூடியவன். அதனால்தான் மேலும் சில மாதங்கள் போயின.

மழைக்காலம் முடிந்ததும் ஜில்லா கலெக்டரின் துரைசானி சங்கத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. ராவ் பகதூர் பட்டியல் தயாராகிற சமயம். தோரணம், பாண்டு, பெட்டி, கேக் எல்லாம் ஏற்பாடாயிற்று. வருவதற்கு முதல் நாள் துரைசானியின் குமாஸ்தாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: அம்மையார் நோயாளிகளோடு பேசப் பிரியப்படுகிறார்.

சங்கத்தில் நோயாளி யாரும் இல்லை என்பது அப்போதுதான் கமிட்டிக்குத் தெரிந்தது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். "காசிநாதன் அக்கா இருக்கிறாளே" என்றார் சாமுவேல்.

"விதி இருக்கிறதே!" என்றார் தலைவர்.

"விதி உதவி செய்யக்கூடாது என்றுதான் சொல்கிறது. நோயாளியாக ஏற்றுக்கொள்ளக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை."

தலைவர் முகம் மலர்ந்தது. எல்லம்மாள் உதவியில்லாத நோயாளியாக ஏகமனதாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டாள்.

மறுநாள் காலை அவளை ஆம்பூரிலிருந்து மோட்டாரில் அழைத்து வந்து வெள்ளைப் புடைவை உடுத்தி மேடையில் உட்கார வைத்தார்கள். நாற்றம் அடித்ததால் பன்னீர் தெளித்தார்கள். அது போதாமல் சந்தனம் பூசினார்கள். புண் தெரிந்தால் துரைசானிக்குத் தாங்காது, தெரியாவிட்டால் நோயாளி என்று நம்ப மாட்டார் என்று சாமுவேலும் தலைவரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். கடைசியில் மெல்லிய வலைத்துணி ஒன்றை முகத்தில் போட்டார்கள்.

"இன்னாடா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிக்கறானுங்க" என்றாள் எல்லம்மாள் தம்பியிடம். "மாப்பிள்ளை யாரு, அந்தக் கெழவனா?"

"அக்கா, கம்முனு இரு. பொட்டியில ரேடியம் வந்தா மொதல்ல ஒனக்குத்தான்னு வாக்குக் குடுத்திருக்காங்க."

துரைசானி வந்தார். எல்லம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது, என்ன சிகிச்சை நடக்கிறது என்று கேட்டார். அதைச் சாமுவேல் தமிழில் சொன்னார். எல்லம்மாள் பதில் சொன்னாள். "ஒண்ணும் நடக்கல தாயே. இவனுங்க பன்னீர் தெளிக்கறானுங்க. என்னை எங்கியாவது கொண்டுபோய்ச் சேத்துடு."

குழறிய பேச்சு மேடையில் காசிநாதனைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை. சாமுவேல் கொஞ்சமும் தடுமாறாமல் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். சங்கத்தின் பராமரிப்பில் தான் மிகவும் சுகமாக இருப்பதாகவும், துரைசானியின் கருணைமுகத்தைப் பார்த்ததே தனக்குப் பாதி வைத்தியம் என்றும் அவள் சொன்னதாகத் துரைசானி அறிந்துகொண்டார். அவர் கண்களில் நீர் துளிர்த்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

காசிநாதன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். அந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை. ரேடியம் வந்தால் முதலில் அக்காவுக்கு.

அதற்குப் பிறகு எல்லம்மாள் இல்லாமல் கூட்டம் நடக்கவில்லை. குடியாத்தம், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று அவளை ஏற்றி இறக்கினார்கள். அவள் உட்கார்ந்த ஊரில் உண்டியல் கனத்தது. திருப்பத்தூரில் அவள் மேடையிலேயே மயங்கி விழுந்தாள். ஜனங்கள் நகைகளைக் கழற்றிப் போட்டார்கள். திரும்பும் வழியில் சாமுவேல், "வாணியம்பாடியிலும் இது மாதிரி நடந்திருக்கலாம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஆதங்கமாகச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் எல்லம்மாள் தம்பியின் கையைப் பிடித்தாள். "காசி, போதும்டா. நான் ஒரு தபா பட்டணம் பாக்கணும். சாவறதுக்கு முன்னாடி ரயில்ல போவணும்."

மறுநாள் காசிநாதன் லீவு கேட்கவில்லை. ஆம்பூர் ஸ்டேஷனில் அக்காவைத் தூக்கி ரயிலில் ஏற்றினான். சென்ட்ரலில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரி எங்கே என்று ஒரு போர்ட்டரைக் கேட்டான். போர்ட்டர் சிரித்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டினான். எதிரிலேயே இருந்தது.

உள்ளே ஓர் இளம் டாக்டர் துணியை மெதுவாக அவிழ்த்துப் பார்த்தார். பிறகு காசிநாதனை வெளியே கூட்டிப் போனார்.

"இவ்வளவு நாள் எங்கய்யா இருந்தீங்க?"

"சங்கத்துல இருந்தோம்."

"எந்தச் சங்கம்?"

காசிநாதன் வில்லையைக் காட்டினான். டாக்டர் நண்டைப் பார்த்தார். அவருக்கு அப்படியொரு சங்கம் தெரிந்திருக்கவில்லை. "இங்க ரேடியம் இருக்கு. ஏழைகளுக்குக் காசு கெடையாது. ரயில் சார்ஜும் கூட இருக்கறவங்களுக்குச் சாப்பாடும்தான் செலவு. ஆரம்பத்துல வந்திருந்தா..." என்று சொல்லிக்கொண்டே போனவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். திரும்பும்போது எல்லம்மாள் ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தாள். "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று அவள் கேட்கவில்லை. "ரயிலு நல்லாகீதுடா" என்று மட்டும் சொன்னாள். தை மாதம் ஒரு காலையில், ஆம்பூரில், தம்பி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது இறந்துபோனாள்.

கருமாதி முடிவதற்குள் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டம் வந்தது. காசிநாதனை அழைத்து வர வண்டி அனுப்பியிருந்தார்கள். டவுன் ஹால் நிரம்பியிருந்தது. தலைவர் பேசினார்.

"சகோதர சகோதரிகளே! சென்ற வருஷம் நம்மிடம் ஒரே ஒரு நோயாளி இருந்தார். எல்லம்மாள் என்ற ஏழைப் பெண். அவர் எவ்வளவு வலியில் துடித்தார் என்று பல ஊர் ஜனங்கள் நேரில் கண்டீர்கள். இன்று அவருக்கு வலி இல்லை என்று மிகுந்த சந்தோஷத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அது மட்டுமல்ல. இன்றைய தேதியில் இந்தச் சங்கத்தின் பராமரிப்பில் ஒரு புற்றுநோயாளி கூட இல்லை. வேறு எந்த ஜில்லாவாவது அப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா?"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அந்தப் பெண்ணின் தம்பியே நாலு வார்த்தை பேசுவார் என்று சாமுவேல் அறிவித்தார்.

காசிநாதன் எழுந்து நின்றான். "என் அக்கா செத்துப் போச்சுங்க" என்றான். "பட்டணத்துல மருந்து இருந்திச்சி. சும்மாவே குடுக்கறாங்க. எங்களுக்குத் தெரியல. செத்துப் போச்சு." நின்றவாக்கில் அழுதான்.

முன் வரிசையில் ஒரு பெண் விம்மினாள். அடுத்தடுத்து எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள். தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். வேலை போயிற்று என்று காசிநாதன் முடிவு செய்துவிட்டான். போகட்டும் என்றும் நினைத்தான்.

ஆனால் அழுதவர்கள் எழுந்து வந்து உண்டியலில் போட்டார்கள். மோதிரம் போட்டார்கள், வளையல் போட்டார்கள். அதைப் போல் ஒரு வசூலைச் சங்கம் பார்த்ததில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் சாமுவேல் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அபாரம்! அடுத்த வாரம் ஆற்காடு, அதற்கடுத்து ஆரணி. இதையே சொல். ஒரு வார்த்தை மாற்றக்கூடாது. நின்றபடி அழுதாய் பார், அதையும்."

காசிநாதன் போனான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆற்காட்டில், 'என் அக்கா செத்துப் போச்சுங்க' என்று சொன்னான். அழுகை தானாக வந்தது. ஆரணியில் சொன்னான். அழுகை கொஞ்சம் தாமதித்து வந்தது. போளூரில் அழுகை வரவில்லை. வராததற்காக அவன் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டபோது ஜனங்கள் அவன் அழுகிறான் என்று நினைத்து அழுதார்கள். அன்றைக்குத்தான் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

பேரணாம்பட்டில் கூட்டம் முடிந்து அவன் உண்டியலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது, பீடி சுற்றுகிற ஹலீமா பீ என்ற பெண் அவனிடம் வந்தாள். நாற்பது வயது இருக்கும். முக்காட்டை ஒதுக்கி, கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"தம்பி, நீ சொன்னாப்பல எனக்கும் உள்ள ஒண்ணு கீது. ரம்ஜான்லேருந்து ஆறல. காரம் பட்டா உயிரு போவுது. உன் சங்கத்துக்கு வந்தா பாப்பாங்களா?"

காசிநாதன் அவளைப் பார்த்தான். அவளை என்ன செய்வார்கள் என்று அவனுக்கு முழுவதும் தெரிந்தது. வெள்ளைப் புடைவை, பன்னீர், வலைத்துணி. சாமுவேலுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்றும் தெரிந்தது.

"சங்கத்துக்கு வராதம்மா" என்றான். "செத்தாலும் அங்க வராத. வீட்டுல யாரு கீறாங்க?"

"தங்கச்சி."

"ரெண்டு பேரும் இந்த பஸ்ஸுலயே ஏறுங்க. ஆம்பூர் போய் ரயிலப் புடிச்சிப் பட்டணம் போங்க. சென்ட்ரலுக்கு எதிர்லயே பெரிய ஆஸ்பத்திரி. மருந்து சும்மா. தங்கச்சி சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும்தான் செலவு."

"செலவுக்கு எங்க தம்பி போறது? ஒரு நாள் பீடி சுத்தலன்னா ஒல வெக்க முடியாது."

காசிநாதன் கையிலிருந்த உண்டியலைப் பார்த்தான். அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. அதை அவள் கையில் வைத்தான்.

"இது இன்னா தம்பி? யார் காசு?"

"இதுக்குன்னு சொல்லித்தான் வாங்கினேன்" என்றான்.

வேலூருக்கு வெறுங்கையோடு திரும்பி, பேரணாம்பட்டில் வசூல் ஒன்றும் இல்லை, உண்டியலும் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொன்னான். கமிட்டி அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. பேரணாம்பட்டு ஜனங்களுக்கு ஜீவகாருண்யம் போதாது என்று வருத்தம் தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது. புது உண்டியல் கொடுத்தார்கள்.

அடுத்த ஆவணியில் சங்கத்துக்கு ஓர் அதிசயச் செய்தி எட்டியது. பேரணாம்பட்டில் ஒரு பெண் புற்றுநோய் வந்து, குணமாகி, உயிரோடு இருக்கிறாள்! சாமுவேலே மோட்டாரில் போய் அவளைக் கண்டுபிடித்தார். ஒரு பக்கக் கன்னம் குழிந்து, வாய் கோணி, பேச்சு குழறினாலும், ஹலீமா பீ தெருவில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். யார் உன்னைக் குணப்படுத்தினார்கள் என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. சொல்ல வேண்டியது என்றும் தோன்றவில்லை. நண்டு வில்லை போட்ட தம்பி உண்டியலைக் கொடுத்து அனுப்பினான் என்று, சாமுவேலுக்குப் புரிகிற வரையில், திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கமிட்டி கூடிற்று. காசிநாதன் மறுக்கவில்லை. வாசலில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்தது.

"சங்கத்தின் பணத்தில் ஒரு உயிர் பிழைத்திருக்கிறது. இதைக் கவர்னர் வரையில் கொண்டு போகலாம்" என்றார் சாமுவேல்.

"சங்கத்தின் பணம் திருட்டுப் போயிருக்கிறது. இதைச் சும்மா விட முடியாது" என்றார் தலைவர்.

நயீம் அகமது இரண்டாவது தடவையாகக் கேள்வி கேட்டார். "அவன் திருடினான்னா அந்தம்மாவை நாம குணப்படுத்தல. நாம குணப்படுத்தினோம்னா அவன் திருடல. இதுல எது, ராவ் சாகிப்?"

தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். குணப்படுத்தியது சங்கம். திருடியது காசிநாதன். ஒவ்வொருவருக்கும் அவரவருக்கு உரியதைக் கொடுப்பதுதான் தர்மம்."

நயீம் அகமது அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அதை ஆலோசிக்க உபகமிட்டி போடப்பட்டது.

வழக்கு பெஞ்சு கோர்ட்டுக்கு வந்தது. அங்கே கௌரவ மாஜிஸ்திரேட்டாக ராவ் சாகிப் அருணகிரியே உட்கார்ந்திருந்தார். அது முறைதானா என்று கோர்ட்டில் யாரோ முணுமுணுத்ததை அவர் கேட்டுவிட்டார்.

"புகார் கொடுத்தவன் நான். பணம் போனது என் சங்கத்தில். இவனை வேலைக்கு வைத்தவனும் நான். சங்கதி தெரியாத மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்னார் என்ற குறையாவது இந்த வழக்கில் இல்லாமல் போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் தீர்ப்பை வாசித்தார். தர்மப் பணத்தில் கை வைப்பது புற்றுநோயைவிடக் கொடிய நோய் என்றும், அதை ஆரம்பத்திலேயே அறுத்தெறிய வேண்டும் என்றும் அதில் இருந்தது. மூன்று மாதம் கடுங்காவல். பத்திரிகைகள் அந்த வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டன. இங்கிலீஷ் வருஷப் பிறப்புப் பட்டியலில் அவர் ராவ் பகதூர் ஆனார்.

காசிநாதன் வேலூர் ஜெயிலில் கல் உடைத்தான். ஒரு நாள் வார்டர் வந்து, "ஒன்னப் பாக்க ஒரு பொம்பள வந்துகீது" என்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் ஹலீமா பீ நின்றிருந்தாள். ஒரு தூக்கில் தோசை கொண்டு வந்திருந்தாள். அதை வார்டர் வாங்கி வைத்துக்கொண்டார்.

"என்னாலதானே தம்பி" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"அதெல்லாம் வுடும்மா. வலி கீதா?"

"இல்ல. சாப்புடறேன். காரம் மட்டும் ஆவல" என்றாள். "என்னை மேடையில ஒக்கார வெச்சாங்க, தம்பி. யாரு காப்பாத்துனதுன்னு கேட்டாங்க. காசிநாதன்னு சொன்னேன். அந்த வக்கீலு எழுந்து, ஆண்டவனும் ராவ் பகதூரும்னு நான் சொன்னதா சொல்லிட்டாரு. எல்லாரும் கை தட்டினாங்க. எறங்கி வந்துட்டேன். இனிமே போவ மாட்டேன்."

வார்டர் காதை நீட்டிப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார். "இன்னாய்யா பேசுது அந்தம்மா? ஒண்ணுமே வெளங்கல."

"எனக்கு வெளங்குதுங்க" என்றான் காசிநாதன்.

ஹலீமா பீ கம்பியோரமாக வந்து குரலைத் தாழ்த்தினாள். "நான் அதுக்கு வரல. எங்க பீடித் தெருவுல இன்னும் ரெண்டு பேருக்குக் கீது. ஒருத்திக்கு நாக்குல. என்னைப் பாத்துட்டுத்தான் வெளிய சொல்றாளுங்க. தெருவே சேந்து ரயிலுக்குப் போட்டுக் குடுத்துட்டாங்க. நான் போனப்ப வலி மயக்கத்துல தங்கச்சி தோளப் புடிச்சிக்கினு போனேன், வழி ஞாபகம் இல்ல. அவளும் இப்ப ஊருல இல்ல. அந்த டாக்டரு எங்க இருப்பாரு, சொல்லு."

காசிநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். காலை ரயிலில் போக வேண்டும். சென்ட்ரலில் இறங்கினால் வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், ஏறக்கூடாது, ரோட்டைத் தாண்டினால் போதும். வாசலில் சீட்டு எழுதுகிற இடத்தில் கூட்டமாக இருக்கும். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நேராகப் போக வேண்டும். கண்ணாடி போட்ட சின்ன வயசு டாக்டர். அவரிடம் ஒன்றும் மறைக்கக்கூடாது.

ஹலீமா பீ ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். வார்டர் நேரமாயிற்று என்று கோலால் கம்பியைத் தட்டினார்.

"சீட்டு வாங்கிக்கினு வலது கைப் பக்கம் போவணும்" என்றாள்.

"இல்லம்மா, அது பல்லு பாக்கற எடம். நேரா போவணும். கடைசி வரைக்கும் நேரா."

"நேரா" என்றாள் அவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனாள்.